ஏன் முன்னாடியே தப்பிப் போகவில்லை? போர்க்கால யூதக் குடும்பக் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து யூதக் குடும்பம் ஒன்றின் கதையை முதல்முறை படிக்கிறவர்கள் பாதிப் புத்தகம் தாண்டியதும் அநேகமாக ஒரே கேள்வியைக் கேட்பார்கள். “இவ்வளவு நடக்குதே, இவங்க ஏன் முன்னாடியே கிளம்பிப் போகல?” நானும் கேட்டிருக்கிறேன். பதில் தெரிந்த பிறகுதான் அந்தக் கதைகளை என்னால் சரியாகப் படிக்க முடிந்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் வரலாற்றுப் புனைவு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. மனிதர்கள் கற்பனை, காலம் நிஜம். கதையில் வரும் அம்மா என்ன சமைத்தாள், மகள் யாரை ஆசைப்பட்டாள் என்பதெல்லாம் எழுத்தாளர் உரிமை. ஆனால் எந்தச் சட்டம் எந்த மாதம் வந்தது, எந்தக் கிழமை ரயில் கிளம்பியது என்பதில் அவர் கைவைக்க முடியாது. இந்த வகைக் கதைகளில் தேதிதான் முக்கியமான பாத்திரம். அதைத் தெரியாமல் படித்தால் குடும்பத்தினர் விவரமில்லாதவர்கள் போலவோ கோழைகள் போலவோ தோன்றுவார்கள்.

இடமும் அதே அளவு முக்கியம். ‘நாஜிகள் யூதர்களைக் கொன்றார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அது நாட்டுக்கு நாடு வேறு வேறு விதமாக நடந்தது. போலந்தில் சுவர் எழுப்பி, ‘கெட்டோ’ என்ற தனிக் குடியிருப்புகளில் யூதர்களை அடைத்தார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் அப்படிச் சுவர் கட்டிய கெட்டோ இருந்ததில்லை. யூதர் என்று காட்ட உடையில் தைத்துக்கொள்ள வேண்டிய மஞ்சள் நட்சத்திரம் ஜெர்மனியில் 1941 செப்டம்பரில் வந்தது, நெதர்லாந்தில் 1942 மே மாதம் வந்தது, டென்மார்க்கில் வரவே இல்லை. டென்மார்க் மன்னர் தன் மக்களுக்காகத் தானே நட்சத்திரம் அணிந்தார் என்று ஒரு கதை உலவுகிறது, அது நடக்கவில்லை. உண்மையில் நடந்தது அதைவிடப் பெரிது. 1943 அக்டோபரில் சாதாரண மீனவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகில் ஏற்றி ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள்.

ஆகவே ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம். ஆம்ஸ்டர்டாம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா வைரம் பட்டை தீட்டுபவர். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக யூதர்கள் செய்துவந்த தொழில் அது. அம்மா, பதினான்கு வயது மகள், பிறந்து சில மாதமே ஆன தம்பி. 1940 மே 10 அன்று விடியற்காலையில் ஜெர்மானிய விமானங்களின் சத்தத்தில் கண்விழிக்கிறார்கள்.

போக வழி இருந்ததா?

அன்றே கிளம்பியிருக்கலாமே என்றால், எங்கே போவது? நெதர்லாந்து தட்டையான சின்ன நாடு. ஒளிந்துகொள்ள மலையும் இல்லை, பெருங்காடும் இல்லை. கிழக்கே ஜெர்மனி, தெற்கே அதே நாளில் தாக்கப்பட்ட பெல்ஜியம், மற்ற இரு பக்கமும் கடல். மே 14 அன்று ரோட்டர்டாம் நகரின் நடுப்பகுதியை ஜெர்மானியர் குண்டுவீசித் தரைமட்டமாக்கினார்கள். அன்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஐமௌடன் துறைமுகத்தை நோக்கி ஓடின. சிலருக்குத்தான் கப்பல் கிடைத்தது. மறுநாள் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஆக, ஓடுவதற்கு ஐந்தே நாள்தான்.

சரி, போருக்கு முன்பே? அதற்கும் கதவுகள் சாத்தியிருந்தன. 1938 ஜூலையில் பிரான்சின் எவியன் நகரில் 32 நாடுகள் கூடி ஜெர்மனியின் யூத அகதிகளைப் பற்றிப் பேசின. எல்லோரும் அனுதாபம் சொன்னார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் கைவிரித்தார்கள். 1939 மே மாதம் ‘செயின்ட் லூயிஸ்’ என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து கியூபா போனது. பெரும்பாலும் யூதர்கள். ஒரு சிலரைத் தவிர யாரையும் கியூபா இறங்க விடவில்லை, அமெரிக்காவும் விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் 181 பேரை நெதர்லாந்து ஏற்றுக்கொண்டது. அவர்கள் காப்பாற்றப்பட்டுவிட்டதாகத்தான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள்.

ஒளிந்திருந்தபோது எழுதிய நாட்குறிப்பால் உலகம் அறிந்த சிறுமி ஆன் ஃப்ராங்க்கின் குடும்பமும் ‘முன்னாடியே கிளம்பிய’ குடும்பம்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933லேயே ஃப்ராங்க்ஃபர்ட்டை விட்டுக் கிளம்பத் தொடங்கி ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அமெரிக்க விசாவுக்கும் விண்ணப்பித்திருந்தார்கள். ரோட்டர்டாம் குண்டுவீச்சில் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் இருந்த அவர்களின் காகிதங்கள் அழிந்துபோயின. தப்பித்து வந்தவர்களைத் துரத்திக்கொண்டு அந்த ஆபத்தே வந்து சேர்ந்தது.

காகிதத்தில் தொடங்கியது

சரணாகதிக்கு அடுத்த ஐந்து மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டிராம் ஓடியது, பள்ளி நடந்தது, அப்பா வேலைக்குப் போனார். ‘பயந்த அளவுக்கு இல்லையே’ என்று வீட்டில் பேசிக்கொள்ளும் காட்சி ஒரு நாவலில் வந்தால், அந்த எழுத்தாளர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

1940 அக்டோபரில் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது: நீங்கள் யூதரா, இல்லையா? பெரும்பாலோர் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். நவம்பரில் யூத ஊழியர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். நம் கதையின் அப்பா அரசு ஊழியர் இல்லை, அதனால் அது அவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. 1941 ஜனவரி 10 அன்று அடுத்த ஆணை. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இந்த முறை அவரும் வரிசையில் நின்றார். ஏறத்தாழ எல்லோரும் நின்றார்கள். மறைப்பதில் பயன் இருக்கும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நெதர்லாந்து மக்கள்தொகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் மதமும் போருக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. நல்ல நிர்வாகத்துக்காக உருவாக்கிய ஏடு அது.

அந்த ஏட்டிலிருந்து என்ன செய்தார்கள் பாருங்கள். 1941 மே மாதம் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஒரு வரைபடம் தயாரித்தது. தெருத்தெருவாகக் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். சில தெருக்களில் புள்ளிகள் தனித்தனியாக நிற்கின்றன, யூதர் பேட்டையில் ஒன்றோடொன்று ஒட்டி மையாகவே ஆகிவிட்டன. அதை வரைந்தவர்கள் ஜெர்மானியச் சிப்பாய்கள் இல்லை, நகராட்சி ஊழியர்கள். மேசையில் குனிந்து அளவுகோல் வைத்து அவர்கள் அதைச் செய்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் எல்லோருக்கும் அடையாள அட்டை. புகைப்படம், கைரேகை, எளிதில் போலி செய்ய முடியாத காகிதம். யூதர் அட்டையில் பெரிதாக ‘ஜே’ எழுத்து.

அதற்கு நடுவே 1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் முதல் பெரிய சுற்றிவளைப்பு. நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தெருவிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் ஆஸ்திரியாவில் இருந்த மௌதௌசன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில மாதங்களுக்குள் அவர்களின் மரணச் செய்திகள் வீடுகளுக்கு வந்துசேர்ந்தன. அந்தப் பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமின் டிராம் ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். யூதர்களுக்காக யூதர் அல்லாதவர்கள் ஊரையே நிறுத்தியது ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் மிக அபூர்வமான காரியம். இரண்டு நாளில் துப்பாக்கியால் அடக்கிவிட்டார்கள்.

பிறகு வந்த ஆணைகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் சலிக்கும். அந்தச் சலிப்பும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான் என்று நினைக்கிறேன். ரேடியோவை ஒப்படை. பூங்காவுக்கு வராதே, நூலகத்துக்கு வராதே. பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பு. பணத்தை லிப்மன் ரோசென்தால் என்ற வங்கியில் போடு. அது பேர்பெற்ற ஒரு யூத வங்கியின் பெயர். மக்கள் நம்பட்டும் என்று அந்தப் பெயரையே வைத்து நாஜிகள் தொடங்கிய கொள்ளைக்கூடம் அது. 1942 மே மாதத்திலிருந்து கையில் 250 கில்டருக்கு (அன்றைய நெதர்லாந்து நாணயம்) மேல் வைத்திருக்கக் கூடாது, நகைகளையும் கொடுத்துவிட வேண்டும், கல்யாண மோதிரத்துக்கு விலக்கு உண்டு.

அதே மே மாதத் தொடக்கத்தில் நட்சத்திரம். ஆளுக்கு நான்கு, ஒன்று நான்கு சென்ட். அதற்காகத் துணி ரேஷனில் ஒரு கூப்பனையும் வெட்டிக்கொண்டார்கள். தன்மேல் குத்தப்படும் முத்திரைக்குத் தானே காசு கொடுத்து வாங்கி, வெட்டி, ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். ஒரு நாவலில் அந்தத் தையல் வேலை இரண்டு பக்கத்துக்கு வந்தால் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். எந்தச் சட்டைக்கு எந்த நட்சத்திரம், மழைக்கோட்டுக்கும் வேண்டுமா, குழந்தைக்கு வேண்டுமா என்று அந்த அம்மா கணக்குப் போடுவாள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம். தம்பி தப்பித்தான். பதினாறு வயது அக்காவுக்கு நான்கும் வேண்டும்.

ஜூன் 30இலிருந்து இரவு எட்டு முதல் காலை ஆறு வரை வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. டிராம் ஏறக் கூடாது. கடைக்குப் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரைதான் போகலாம், அந்த நேரத்தில் கடையில் என்ன மிச்சம் இருக்கும்? ஐந்தே நாள் கழித்து, ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை, முதல் அழைப்பாணைகள் வீடு தேடி வந்தன. ஜெர்மனியில் வேலை என்று சொன்னது கடிதம். கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல்: ஒரு பெட்டி அல்லது முதுகுப்பை, வேலைக்கான பூட்ஸ் ஒரு சோடி, காலுறை இரண்டு சோடி, கம்பளிப் போர்வை இரண்டு, ஒரு கிண்ணம், ஒரு குவளை, ஒரு கரண்டி. கரண்டி வரைக்கும் எழுதியிருக்கும் கடிதத்தைப் பார்த்தால் வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தோன்றும். விஷவாயு அறைகளைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜூலை 15 அன்று வெஸ்டர்போர்க் என்ற இடைமுகாமிலிருந்து, போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு முதல் ரயில் போனது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ‘இதோடு விடுவார்கள்’ என்று நினைக்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் தீர்ந்துபோன போது காசு இல்லை, சைக்கிள் இல்லை, தொலைபேசி இல்லை, யூதர் அல்லாத நண்பர் வீட்டுக்குப் போக அனுமதி இல்லை, மார்பில் நட்சத்திரம், பையில் ‘ஜே’ அட்டை.

விலக்கு முத்திரை

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ‘ஷ்பெர்ரே’. அடையாள அட்டையில் குத்தப்பட்ட தற்காலிக விலக்கு முத்திரை. ‘மறு அறிவிப்பு வரும் வரை’ இவருக்கு வேலைப்பணியிலிருந்து விலக்கு என்று அதில் இருக்கும். யூதர் சபை என்று ஜெர்மானியர்கள் அமைத்த அமைப்பின் ஊழியர்களுக்கும், வைரத் தொழிலாளர்கள் சிலருக்கும் அது கிடைத்தது. நம் அப்பாவுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மேசையில் அட்டையை வைக்கிறார், அம்மா அழுகிறாள். அந்த முத்திரைதான் அவர்களை ஒளிந்துகொள்ள விடாமல் கட்டிப்போட்டது. சட்டப்படி தப்பிக்க ஒரு வழி இருக்கும்போது சட்டத்தை மீற யாருக்குத் துணிச்சல் வரும்? முத்திரைகள் ஒவ்வொரு வகையாக ரத்தாயின. 1943 செப்டம்பர் 29 அன்று யூதர் சபையின் தலைவர்களையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

முங்கிப் போவது

தலைமறைவாவதற்கு டச்சு மொழியில் ‘ஒண்டர்டௌகன்’ என்பார்கள், நீருக்கடியில் முங்குவது என்று பொருள். நம் ‘தலைமறைவு’ என்ற சொல்லில் ஏதோ குற்றம் செய்தவன் சாயல் இருக்கிறது. முங்குவது என்பது பொருத்தமான சொல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் கீழே இருக்க முடியும் என்பதுதான் அங்கே கேள்வி.

நெதர்லாந்தில் ஏறத்தாழ 25,000 யூதர்கள் அப்படி முங்கினார்கள். முழுக் குடும்பமாக ஒரே வீட்டில் ஒளிந்தது அபூர்வம். நாம் அதிகம் கேள்விப்பட்ட கதை அப்படி இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று நினைத்துவிடுகிறோம். பொதுவாக ஆளுக்கொரு வீடு. பிள்ளை ஓரிடம், பெற்றோர் ஓரிடம், முகவரி ஒருவருக்கொருவர் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அடிபட்டாலும் சொல்ல முடியாது.

சாப்பாடு என்ன செய்வது? உணவு எல்லாம் ரேஷன் கூப்பனில்தான். ஒளிந்திருப்பவருக்குக் கூப்பன் கிடையாது. ஆகவே ஒளித்துவைத்திருப்பவர் தன் பங்கில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்புக் குழுவினர் ரேஷன் அலுவலகங்களில் புகுந்து எடுத்துவந்த கூப்பன்கள் வேண்டும். பல் வலி வந்தால்? பகலில் கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிட்டால் கீழ்வீட்டுக்குக் கேட்குமே? வீட்டுக்காரி மூன்று பேருக்குப் பதில் ஐந்து பேருக்கு உருளைக்கிழங்கு வாங்கினால் கடைக்காரர் என்ன நினைப்பார்? இவைதான் அந்தக் கதைகளின் உண்மையான பரபரப்பு. துப்பாக்கிச் சண்டை அவ்வளவு வராது.

காட்டிக்கொடுத்தலும் உண்டு. 1943இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கூட்டம் இதையே தொழிலாகச் செய்தது. ஒளிந்திருக்கும் ஒரு யூதரைப் பிடித்துக் கொடுத்தால் ஏழரை கில்டர். அதே ஆண்டு மார்ச் 27 அன்று வில்லெம் அரொன்டேயஸ் என்ற ஓவியரும் அவர் தோழர்களும் போலீஸ் உடையில் போய், நகரத்தின் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏட்டை எரித்தால்தான் போலி அட்டைகளைச் சரிபார்க்க முடியாது. தீயணைப்பு வீரர்கள் மெதுவாக வந்து, தேவைக்கு மேலேயே தண்ணீர் அடித்துக் காகிதங்களை நனைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் அதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே ஊரில், ஒரே வசந்த காலத்தில் இந்த இரண்டும் நடந்தன.

நம் குடும்பத்தின் மகள் அழைப்பாணை வந்ததும் முங்கிவிடுகிறாள். மற்றவர்களை ஒரு நாள் மாலை பிடித்து ‘ஹொலாண்ட்ஸ் ஷௌபர்க்’ என்ற நாடக அரங்குக்குக் கொண்டுபோகிறார்கள். நாற்காலிகளை அகற்றிவிட்டு ஆட்களை அடைத்த இடம் அது. சிறு குழந்தைகளின் அழுகை தொந்தரவு என்று அவர்களை மட்டும் எதிர்ப்புறம் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வைத்தார்கள். காப்பகத்தின் தலைவி ஹென்ரியெட் பிமென்டெல், அரங்கின் கணக்கைப் பார்த்துவந்த வால்டர் சூஸ்கிண்ட், பக்கத்துக் கல்லூரியின் யோஹான் வான் ஹுல்ஸ்ட் ஆகியோரும் இளம் செவிலிகளும் மாணவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 600 குழந்தைகளை அங்கிருந்து கடத்திக் காப்பாற்றினார்கள். தெரு நடுவே டிராம் ஓடும். டிராம் வந்து நின்றதும் அரங்கு வாசலில் நிற்கும் காவலனுக்கு எதிர்ப்புறம் தெரியாது. அந்தச் சில நொடிகளில் குழந்தையோடு வெளியே வந்து, டிராமின் மறைவிலேயே அதோடு சேர்ந்து முக்குவரை ஓடி, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்வார்கள். ஏட்டிலிருந்தும் பெயர் காணாமல் போகும்.

ஆனால் அதற்கு முன் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இரவில் ஒரு செவிலி வந்து மெதுவாகக் கேட்பாள். பெயர் சொல்ல மாட்டாள், எந்த ஊர் என்று சொல்ல மாட்டாள். ஒத்துக்கொண்ட பெற்றோரும் உண்டு. ‘எங்கே போனாலும் சேர்ந்தே போகிறோம்’ என்று மறுத்த பெற்றோரும் உண்டு. இரண்டாவது வகையினரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போகிற இடம் வேலை முகாம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

நம் அம்மா கொடுத்துவிடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை

அரங்கிலிருந்து வெஸ்டர்போர்க். வடகிழக்கில் டிரெந்த மாகாணத்தில் உள்ள இடைமுகாம். அதைக் கட்டியது நாஜிகள் இல்லை. ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத அகதிகளுக்காக நெதர்லாந்து அரசே 1939இல் திறந்தது. அங்கே மருத்துவமனை இருந்தது, பள்ளி இருந்தது, மாலை நேர நாடக நிகழ்ச்சிகூட இருந்தது. செவ்வாய்க்கிழமை ரயில். திங்கள் இரவு ஒவ்வொரு குடிலிலும் பெயர்கள் வாசிக்கப்படும். பெயர் வராதவர்களுக்கு இன்னும் ஒரு வாரம். செவ்வாய் மாலையில் பாட்டு, புதன்கிழமை சற்று நிம்மதி, ஞாயிறு வந்தால் வயிறு கலங்கும்.

1943 மார்ச் முதல் ஜூலை வரை பத்தொன்பது ரயில்கள் போலந்தின் சோபிபோர் கொலைமுகாமுக்குப் போயின. 34,313 பேர். போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 18 பேர். நம் அப்பாவும் அம்மாவும் அந்த ரயில்களில் ஒன்றில் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,02,000க்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மேற்கு ஐரோப்பாவில் இதுதான் மிக அதிகமான விகிதம். இன்று ஆம்ஸ்டர்டாமில் அந்தப் பெயர்களைக் கொண்டு ஒரு நினைவுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், 2021இல் திறந்தது. ஒரு செங்கலுக்கு ஒரு பெயர், பிறந்த தேதி, இறந்தபோது வயது.

போர் முடிந்தது என்ற இடத்தில் நிறைய நாவல்கள் முடிந்துவிடுகின்றன. என் அபிப்பிராயத்தில் அது அவசரம். 1945 மே மாதம் பத்தொன்பது வயது மகள் ஒளிவிடத்திலிருந்து வெளியே வருகிறாள். வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சாமான்கள் போய் ரொம்ப நாளாகிவிட்டது. யூதர் வீடுகளைக் காலி செய்த நிறுவனத்தின் பெயர் புல்ஸ், அந்தப் பெயரே வீட்டைத் துடைத்து எடுப்பதற்கான வினைச்சொல்லாக ஊரில் புழங்கியது. திரும்பிவந்தவர்கள் சிலருக்கு ஆம்ஸ்டர்டாம் நகராட்சி கடிதம் அனுப்பியது: போர் ஆண்டுகளில் நிலக் குத்தகை பாக்கி, தாமதத்துக்கு அபராதமும் சேர்த்துக் கட்டவும். அவர்கள் முகாமில் இருந்த ஆண்டுகள் அவை.

அப்பா அம்மா பெயரைச் செஞ்சிலுவைச் சங்கப் பட்டியலில் தேடுகிறாள். பிறகு தம்பியைத் தேடுகிறாள். பெற்றோர் திரும்பாத பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று முடிவுசெய்ய அரசு ஓர் ஆணையம் வைத்திருந்தது, அப்படி இரண்டாயிரம் பிள்ளைகள் இருந்தார்கள். கடைசியில் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் ஒரு பண்ணைவீட்டு முகவரி கிடைக்கிறது. தம்பிக்கு இப்போது ஐந்து வயது. மரக்கட்டைச் செருப்பும் வெயிலில் சிவந்த கன்னமுமாக முற்றத்தில் நிற்கிறான். அக்கா டச்சு மொழியில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவன் பிறந்தபோது வைத்த பெயர். அவன் திரும்பவில்லை. அந்நியப் பெண் ஒருத்தி கைநீட்டி வருவதைப் பார்த்ததும், ஃப்ரீஸ்லாந்து மொழியில் அம்மாவைக் கூப்பிடும் சொல்லால் “மெம்!” என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறான். சமையலறை வாசலில் ஒரு பெண் ஈரக்கையோடு அவனைத் தூக்கிக்கொள்கிறாள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு தன் உயிரைப் பணயம் வைத்து அவனை வளர்த்தவள் அவள்.